கம்பளம் விற்ற டாக்டர்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. அது முற்றுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் கண்டுபிடித்துவிட்டால் உயிர் பிழைக்கலாம். இதற்கு வழி காட்டியவர் டாக்டர் ஜார்ஜ் பாப்பனிகோலா.

அவர் 1883-ம் ஆண்டு கிரீஸ் நாட்டில் பிறந்தார். தந்தையும் டாக்டர். மகன் ஏதென்ஸ் நகரில் வைத்தியம் படித்தார். பிறகு ஜெர்மனிக்குப் போய் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார்.

அமெரிக்கா பயணம்

1913-ல் மனைவி ஆந்த்ரோமாக்கியுடன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். கையில் அதிகப் பணம் இல்லை. இங்கிலீஷும் சரியாகத் தெரியாது. நியூயார்க்கில் ஒரு பெரிய கடையில் டாக்டர் கம்பளம் விற்றார். மனைவி பொத்தான் தைத்தார்.

மறு ஆண்டு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் வேலை கிடைத்தது. மனைவி சம்பளம் வாங்காமல் அவருக்கு உதவி செய்தார். ஆராய்ச்சிக்காகப் பல ஆண்டுகள் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக் கொண்டார்.

யாரும் மதிக்கவில்லை

பெண்களின் பிறப்புறுப்பில் சுரக்கும் நீரைக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார் டாக்டர். அதில் புற்றுநோய் அணுக்கள் தெரிந்தன!

1928-ல் இதை வெளியிட்டார். மற்ற டாக்டர்கள் பொருட்படுத்தவில்லை. சதையை வெட்டிப் பார்ப்பதே போதும் என்று நினைத்தார்கள். அவர் மனம் தளரவில்லை. டாக்டர் ஹெர்பர்ட் டிராட்டுடன் சேர்ந்து மேலும் பல பெண்களைச் சோதித்தார். 1941-ல் கட்டுரையும், 1943-ல் புத்தகமும் வெளிவந்தன. உலகம் ஏற்றுக்கொண்டது. அதுதான் "பாப் சோதனை".

அடுத்தது என்ன?

பாப் சோதனை சந்தேகத்தைத்தான் சொல்லும். சந்தேகம் வந்தால், "கால்பாஸ்கோப்" என்ற கருவியால் டாக்டர் பார்ப்பார். இது 1925-ல் ஜெர்மனியில் உருவானது. கர்ப்பப்பை வாயைப் பல மடங்கு பெரிதாகக் காட்டும். வினிகரில் உள்ள அமிலத்தை நீர்க்கச் செய்து அங்கே தடவுவார்கள். கோளாறு உள்ள இடம் வெளுத்துத் தெரியும். தேவையானால் அந்த இடத்தில் ஒரு சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள்.

இந்தச் சோதனைக்கு அழைத்தால் புற்றுநோய் வந்துவிட்டது என்று அர்த்தம் அல்ல. பயந்து வீட்டில் இருந்துவிடுவதுதான் ஆபத்து.

கடைசி நாட்கள்

1961-ல் மயாமி நகரில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவரானார். சில மாதங்களில், 1962 பிப்ரவரியில் காலமானார். வயது 78. அவர் விட்ட வேலையை மனைவி தொடர்ந்தார்.

1995-ல் கிரீஸ் நாடு 10,000 டிராக்மா நோட்டில் அவர் படத்தை அச்சிட்டுக் கௌரவித்தது.