குமிழிகளோடு போராடிய துறவி

ஷாம்பெயின் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் தோம் பெரிஞ்ஞோன். குமிழி பொங்கும் ஒயினைக் கண்டுபிடித்தவர் என்பார்கள். உண்மையில் அவர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை அந்தக் குமிழிகளை ஒழிப்பதற்காகவே செலவிட்டார் என்பதுதான் வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. அவருடைய உண்மையான சாதனை வேறு. அது கலவை.

பியேர் பெரிஞ்ஞோன் 1638-ஆம் ஆண்டின் இறுதியில், பிரான்சின் வடகிழக்கே சாந்த்-மெனு என்ற ஊரில் பிறந்தார். 'சூரிய அரசர்' பதினான்காம் லூயி பிறந்ததும் அதே ஆண்டுதான். இருவரும் இறந்ததும் ஒரே மாதம், 1715 செப்டம்பர். ஒருவர் வெர்சாயில் மாளிகையில், மற்றவர் மலைச்சரிவில் ஒரு மடத்தில். தந்தை உள்ளூர் நீதிமன்ற எழுத்தர். பிள்ளை பத்தொன்பது வயதில் வெர்டன் நகரில் பெனடிக்டின் சபைத் துறவியானார். 'தோம்' என்பது பெயரல்ல, அச்சபைத் துறவிகளுக்குரிய மரியாதை அடைமொழி. நம் ஊரில் 'சாமி' என்பதைப்போல.

1668-இல் மார்ன் ஆற்றுக்கு மேலே, எப்பெர்னே நகருக்கு அருகிலுள்ள ஓவிலேர் மடத்துக்கு அனுப்பப்பட்டார். பொறுப்பு, மடத்தின் வரவு செலவும் பண்டகசாலையும். போர்களில் நலிந்திருந்த மடம் அது. வருமானம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது முக்கியமாக ஒயின். ஆகவே நல்ல ஒயின் செய்வதென்பது அவருக்கு ரசனை சார்ந்த விஷயம் மட்டுமல்ல. மடத்தின் பிழைப்பே அதில்தான் இருந்தது.

கறுப்புத் திராட்சையிலிருந்து வெள்ளை ஒயின் எடுப்பதில் அவர் காட்டிய பிடிவாதம் சுவாரசியமானது. பினோ நுவார் வகையின் தோல்தான் கறுப்பு, சாற்றுக்கு நிறம் கிடையாது. தோல் நசுங்கி ஊறாமல், மெதுவாக, விரைவாகப் பிழிந்துவிட்டால் வெளிறிய சாறு கிடைக்கும். அதற்காகக் கொடிகளைக் குட்டையாக வெட்டுவது, காலைக் குளிரில் பறிப்பது, அடிபட்ட பழங்களைக் கழிப்பது, மிரளும் குதிரைகளுக்குப் பதில் கழுதைகளில் ஏற்றி வருவது என்று பல விதிகள் அவர் பெயரில் வழங்குகின்றன. அடுத்தடுத்த பிழிவுகளின் சாறுகள் தனித்தனியே வைக்கப்பட்டன. முதற்பிழிவுகள்தான் உயர்தரம்.

இனி கலவை. சுற்றுவட்டாரக் கிராமங்கள் மடத்துக்குத் தசமபாகமாகத் திராட்சையையே செலுத்தின. ஒரு சரிவின் பழத்தில் புளிப்பு, இன்னொன்றில் கனம், மூன்றாவதில் மணம். இவ்வளவு வடக்கே, குளிர்ப் பிரதேசத்தில், ஒரே தோட்டத்தை நம்பினால் எல்லா ஆண்டும் நல்ல ஒயின் வராது. மடத்தின் வரிமுறையே அவருக்கு ஒரு பரிசோதனைக்கூடமாக அமைந்துவிட்டது! பறித்த பழங்களை இரவு முழுவதும் சன்னலோரம் வைத்து, மறுநாள் காலை வெறும் வயிற்றில் சுவைத்து, அந்த ஆண்டின் வானிலையையும் கணக்கிலெடுத்து, எதை எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்வாராம். அவருடைய சீடர் சகோதரர் பியேர் எழுதிவைத்த குறிப்பு இது. பிழிவதற்கு முன்பே, பழமாகவே கலந்தார். இன்றைய ஷாம்பெயின் தயாரிப்பாளர்கள் தோட்டம் வாரியாகத் தனித்தனியே புளிக்க வைத்து, பிறகு பல ஒயின்களை ருசித்து, பழைய ஆண்டுகளின் சேமிப்பையும் சேர்த்துக் கலக்கிறார்கள். தவறினால் திருத்த அவர்களுக்கு இடமுண்டு. பெரிஞ்ஞோனுக்கு இல்லை, உள்ளீட்டை மட்டும் பார்த்து வெளியீட்டை ஊகிக்க வேண்டும். எங்கள் மென்பொருள் தொழிலில் அப்படி யாரும் துணிய மாட்டார்கள்.

குமிழி விஷயத்துக்கு வருவோம். கடுங்குளிரில் நொதித்தல் பாதியில் நின்றுவிடும். வசந்தத்தில் வெயில் பட்டதும் புட்டிக்குள்ளேயே மீண்டும் தொடங்கும். வெளியேற வழியில்லாத கரியமில வாயு அழுத்தமாகத் திரளும். அன்றைய பிரெஞ்சுக் கண்ணாடி பலவீனமானது. ஒரு புட்டி வெடித்தால் பக்கத்துப் புட்டிகளும் சேர்ந்து சிதறும். ஒயினைப் பொங்க வைக்கச் சர்க்கரை சேர்க்கும் வழக்கத்தைப் பற்றி இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் மெரெட் 1662-லேயே எழுதியாயிற்று, பெரிஞ்ஞோன் ஓவிலேருக்கு வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னால். நிலக்கரி உலையில் செய்த உறுதியான புட்டிகளும் ஆங்கிலேயரிடம்தான் இருந்தன.

பிறகு கதை எப்படி வந்தது? பிரெஞ்சுப் புரட்சியில் மடம் மூடப்பட்டது. அங்கே இருந்த தோம் குரூசார் என்ற துறவி 1821-இல் எழுதிய ஒரு கடிதத்தில், நுரைக்கும் ஒயினைக் கண்டவர் பெரிஞ்ஞோனே என்றும், முதுமையில் பார்வையிழந்தும் பழத்தைச் சுவைத்தே தோட்டத்தைச் சொல்வார் என்றும் புகழ்ந்தார். விண்மீன்களைக் குடிப்பதாக அவர் வியந்தார் என்ற பிரபலமான கதை இன்னும் பிந்தியது, பத்தொன்பதாம் நூற்றாண்டு விளம்பரத்தின் கைவண்ணம். மொயே நிறுவனம் 1921-ஆம் ஆண்டின் ஒயினை 1936-இல் அவர் பெயரிலேயே சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவும் கலவைதான்: பினோ நுவாரும் ஷார்தொனேயும்.

நாற்பத்தேழு ஆண்டுகள் அவர் அந்த ஒரே பொறுப்பில் இருந்தார். கல்லறை ஓவிலேர் தேவாலயத்தில் இருக்கிறது. கறுப்புக் கல்லில் லத்தீன் எழுத்து. மடத்தின் நிர்வாகத்தைத் திறம்பட நடத்தினார், ஏழைகளிடம் தந்தையைப்போல் அன்பு காட்டினார் என்று பொறித்திருக்கிறார்கள். ஒயினைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.