தட்சிணேசுவரத்தில் பதினொரு மாதம்

கீதை வகுப்பும் உபநிஷத்துச் சொற்பொழிவும் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்ட பிறகு, ஆத்ம ஞானத்துக்குத் தனியாக ஒரு குரு எதற்கு என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். நியாயமான கேள்விதான். ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சரின் வாழ்க்கையில் ஒரு பகுதியை இந்தக் கேள்வியோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

வங்காளத்தில் காமார்புகூர் என்ற கிராமத்தில் 1836-இல் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் கதாதர். பள்ளிப் படிப்பில் நாட்டமில்லை. கல்கத்தாவுக்கு வடக்கே, கங்கைக் கரையில் ராணி ராசமணி கட்டிய தட்சிணேசுவரம் காளி கோயில் 1855-இல் திறக்கப்பட்டது. அண்ணன் ராம்குமார் அங்கே பூசகர். அவருக்குப் பின் தம்பி. காளியைக் கண்ணால் காண வேண்டும் என்று இவர் மண்ணில் புரண்டு அழுததும், பித்துப் பிடித்துவிட்டது என்று ஊர் பேசியதும் நீங்கள் கேள்விப்பட்டதுதான். கடைசியில் தரிசனம் கிடைத்தது. அதன்பின் காளி இவருக்குப் பெற்ற தாயைப் போல.

1864-65 வாக்கில் அங்கே வந்து சேர்ந்தார் தோதாபுரி. ஆடை உடுத்தாத நாகா சந்நியாசி. எந்த ஊரிலும் மூன்று நாளுக்கு மேல் தங்காதவர். நாற்பது ஆண்டு பாடுபட்டு நிர்விகல்ப சமாதி அடைந்த அத்வைதி. காளி, கோயில், பூஜை எல்லாம் அவர் கணக்கில் மாயை. இவரைப் பார்த்ததும், வேதாந்தம் பயில்கிறாயா என்று கேட்டார். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று இவர் எழுந்து போனது சந்நிதிக்கு! உத்தரவு கிடைத்தது. பெற்ற தாயும் அப்போது அங்கேயே தங்கியிருந்ததால், அவர் மனம் நோகக்கூடாது என்று சந்நியாசம் ரகசியமாக நடந்தது.

வேதாந்தத்தில் சிரவணம், மனனம், நிதித்தியாசனம் என்று மூன்று படி சொல்வார்கள். கேட்பது, கேட்டதை ஐயமற ஆராய்வது, அதிலேயே ஊறி நிற்பது. முதல் இரண்டுக்குப் புத்தகமும் காணொளியும் ஓரளவு உதவும் என்றே வைத்துக்கொள்வோம். ராமகிருஷ்ணர் சிக்கியது மூன்றாவதில். உலகத்தை மனத்திலிருந்து விலக்குவது அவருக்கு எளிதாக இருந்தது. காளியின் உருவம் மட்டும் போகவில்லை. கண்ணை மூடினால் அவள்தான். எது அவரை அதுவரை தூக்கி வந்ததோ, அதுவே வாசலை மறித்து நின்றது. என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டார்.

தோதாபுரி விடவில்லை. கீழே கிடந்த கண்ணாடித் துண்டை எடுத்து, சீடரின் புருவ மத்தியில் அழுத்தி, மனத்தை அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். மறுபடியும் காளி தோன்றினாள். ஞானத்தையே வாளாகக் கொண்டு இவர் அந்த உருவத்தை இரண்டாக வெட்டினார். மனம் ஒடுங்கியது. குரு கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே காத்திருந்தார். மூன்று நாள் உள்ளே அசைவே இல்லை. தமக்கு நாற்பது ஆண்டு பிடித்தது இவருக்கு இத்தனை விரைவில் கைகூடியதே என்று திகைத்துப் போனார். வயிற்றெரிச்சல் பட்டிருந்தாலும் நாம் குறை சொல்ல முடியாது. அவரோ, மூன்று நாள் கணக்கை மறந்து பதினொரு மாதம் தங்கிவிட்டார்.

அந்த மாதங்களில் பாடம் திசை மாறியது. ஒருநாள் எல்லாம் பிரம்மமே என்று தோதாபுரி விளக்கிக்கொண்டிருக்கையில், கோயில் வேலையாள் ஒருவர் புகையிலை பற்றவைக்க அவருடைய துனியிலிருந்து நெருப்பு எடுத்தார். துனி என்பது நாகா சாதுக்கள் புனிதமாகக் காக்கும் அக்கினி. குரு இடுக்கியை ஓங்கிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த சீடர் விழுந்து விழுந்து சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்பது குருவுக்கு உடனே புரிந்தது. தவறை ஒப்புக்கொண்டு, கோபத்தையே விட்டுவிடுவதாகச் சொன்னார்.

பிறகு கடும் வயிற்றுக்கடுப்பு. வலி தாளாமல் உடலை விட்டுவிட ஓர் இரவு கங்கையில் இறங்கினார். எவ்வளவு நடந்தும் ஆழம் வரவில்லை என்றும், அந்த நீரிலும் வலியிலும் தேவியையே கண்டு திரும்பினார் என்றும் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். மாயை என்று தள்ளிய காளியை வணங்கிவிட்டுத்தான் அவர் ஊரை விட்டுப் போனார்.

ராமகிருஷ்ணர் 1886-இல் தொண்டைப் புற்றுநோயால் மறையும்வரை, நரேந்திரன் முதலிய இளைஞர்கள் அவரைத் தேடி வந்தபடி இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பாடம் என்று அவர் வைக்கவில்லை. தோதாபுரியைப் பற்றி அவர்களிடம் நிறையப் பேசுவார். குருவின் பெயரைச் சீடன் சொல்லலாகாது என்பதால், ஆடையில்லாதவர் என்று பொருள்படும் நேங்டா என்றே குறிப்பிடுவார்.