சட்டமன்றத்தில் ஒரு மருத்துவர்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

திருக்கோவில்களில் இன்று நாம் இயல்பாகக் காணும் நெறிகள் யாவும் தாமாக அமைந்தவை அல்ல. அறியாப் பருவத்துச் சிறுமியரை இறைவன் பெயரால் பொட்டுக்கட்டி, இல்லற வாழ்வுக்குரிய உரிமையை அவர்களிடமிருந்து பறித்துவிடும் வழக்கம் ஒரு காலத்தில் தமிழகத்துக் கோவில்களில் நிலவியது. அவ்வழக்கம் சட்டத்தின் துணையால் முடிவுக்கு வந்த வரலாற்றில் முதலிடம் பெறும் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாருடையது. அம்மையாரை மருத்துவராகவே பலரும் அறிவர். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அவர் அமர்ந்திருந்த காலமோ நான்காண்டுக்கும் குறைவு. அச்சிறு காலத்தில் அவர் தொடங்கி வைத்த பணியையே இக்கட்டுரை பெரிதும் பேசுகிறது.

1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அம்மையார் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்தப் பிறப்பு அம்மையாரின் பொதுவாழ்வு முழுவதையும் விளக்கும் திறவுகோல் எனலாம். பின்னாளில் அவர் சட்டமன்றத்தில் பேசியது எங்கோ கேள்விப்பட்ட துன்பத்தைப் பற்றியன்று. தம் தாய்வழியில் கண்டறிந்ததைப் பற்றியே பேசினார்.

ஆடவர் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தமையால் அத்தடை நீங்கிற்று. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். மருத்துவத் தொழில் நன்கு நடந்து வந்த காலத்தில், மேற்பயிற்சிக்காக இங்கிலாந்துக்கும் சென்று திரும்பினார்.

அம்மையார் அரசியலைத் தேடிச் சென்றவர் அல்லர். அரசியலே அவரைத் தேடி வந்தது. சென்னை மாகாணம் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. ஆயினும் சட்டமன்றத்தில் அமரும் உரிமை 1926இல்தான் கிட்டியது. அவ்வாண்டுத் தேர்தலில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாயா சில வாக்குகளில் தோல்வியுற்றார். பெண்குலத்தின் சார்பில் ஒருவரேனும் அவையில் இருத்தல் வேண்டும் என்று மாதர் இந்தியச் சங்கத்தார் முயன்றதன் பயனாக, அரசாங்கம் அம்மையாரை நியமன உறுப்பினராக்கியது. மருத்துவத் தொழிலை விட்டு அவைக்குச் செல்ல அவர் முதலில் தயங்கினார் என்பர். அவையில் அமர்ந்ததும் உறுப்பினர் யாவரும் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டமன்றங்களில் இடம்பெற்ற முதல் பெண்மணி என்னும் சிறப்பும் அவருக்கே உரியதாயிற்று.

பள்ளி மாணாக்கருக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை, பெண்களின் மணவயதை உயர்த்துதல், விபசாரத் தொழிலுக்குப் பெண்களை விற்கும் கொடுமையை ஒடுக்குதல் என அவையில் அவர் எடுத்துரைத்தவை பல. அவற்றுள் தலையாயது பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் முயற்சியாகும். 1927ஆம் ஆண்டு நவம்பரில் இதுகுறித்து அவர் கொண்டுவந்த தீர்மானம் அவையில் நிறைவேறிற்று. ஆனால் தீர்மானம் என்பது அரசுக்குப் பரிந்துரையே அன்றிச் சட்டம் ஆகாது.

இவ்விடத்தில்தான் அம்மையாரின் நுண்ணறிவு வெளிப்பட்டது. கோவிற்பணி செய்யும் பெண்களுக்கு மானிய நிலங்கள் வழங்கப்பட்டிருந்தன. பணி நின்றால் நிலமும் போய்விடும். ஆகவே, தாயின் முதுமையில் நிலம் கைவிட்டுப் போகாதிருக்க, மகளுக்கும் பொட்டுக்கட்ட வேண்டியதாயிற்று. பக்தி என்று வெளியில் சொல்லப்பட்டதன் அடியில் வயிற்றுப்பாடு கிடந்தது. அதனை உணர்ந்த அம்மையார், 1926ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1929இல் அது சட்டமாயிற்று. அதன்படி, கோவிற்பணி செய்தாக வேண்டும் என்னும் கட்டிலிருந்து அம்மானிய நிலங்கள் விடுவிக்கப்பட்டன. நோய்க்கு மருந்து கொடுக்குமுன் அதன் வேர் எது என்று பார்க்கும் மருத்துவர் மனம் இங்கே வேலை செய்தது.

எதிர்ப்பும் கடுமையாகவே இருந்தது. சமய வழக்கத்தில் சட்டமன்றம் தலையிடலாகாது என்றனர் சிலர்; இசையும் நடனமும் அழிந்துபோம் என்றனர் வேறு சிலர். தேவதாசிப் பெண்களிலேயே ஒரு சாரார் சங்கம் அமைத்து, தங்கள் மரபு முழுவதையும் இழிதொழில் என்று கூறுதல் நேர்மையன்று என முறையிட்டனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைச் செல்வியர் அப்பக்கம் நின்றனர். அவர்தம் மறுப்பை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட இயலாது என்பதே நம் கருத்து. மறுபுறம், அதே மரபில் வாழ்ந்து வெளியேறிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று ஒழிப்புக்காகப் பேசினார். காந்தியடிகளும் தந்தை பெரியாரும் வேறு பலவற்றில் மாறுபட்டவராயினும், இதில் முத்துலட்சுமி அம்மையாருக்கே ஆதரவளித்தனர்.

பொட்டுக்கட்டுதலையே முற்றாகத் தடுக்கும் மசோதாவை 1930இல் அம்மையார் முன்வைத்தார். அது நிறைவேறுமுன் உப்புச் சத்தியாக்கிரகம் நாட்டை உலுக்கியது. அவ்வாண்டு மே மாதம் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அதனைக் கண்டித்து அம்மையார் துணைத் தலைவர் பதவியையும் உறுப்பினர் பதவியையும் துறந்தார். தம் உயிரனைய மசோதா நடுவழியில் நிற்பதை அறிந்தே அவர் அவ்வாறு செய்தார். அரசாங்கம் நியமித்த உறுப்பினர் ஒருவருக்கு இது எளிய முடிவன்று.

அந்த மசோதாவின் நோக்கம் 1947இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில்தான் சட்டமாக நிறைவேறிற்று. இடையே பதினேழு ஆண்டுகள் கழிந்தன. அச்சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடுத்ததோடு, கோவிலில் பெண்கள் ஆடும் மரபையும் நிறுத்தியது. அதனால் பிழைப்பிழந்த முதிய கலைஞர்கள் பலர் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

சட்டம் வரும்வரை அம்மையார் காத்திருக்கவில்லை. விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட தேவதாசிச் சிறுமியர் தம் இல்லத்தை நாடி வந்தபோது, அவர்களுக்குப் புகலிடம் தந்தார். அதுவே அடையாற்றில் ஔவை இல்லமாக வளர்ந்தது. கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்ட்டாக் குழு, சென்னை மாநகராட்சி, சமூக நல வாரியம் ஆகியவற்றிலும் பணியாற்றினார். 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

இளமையிலேயே தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அம்மையாரை இறுதிவரை விட்டகலவில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அது திறக்கப்பட்டது. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கு மருத்துவப் பணியை முன்னின்று நடத்தினார். 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், தம் எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கையில், அம்மையார் இயற்கை எய்தினார்.