கார்ல் லெம்லி: படமுதலாளி இட்ட கையொப்பங்கள்

1959இல் வெளிவந்த ‘பென்ஹர்’ படத்தைப் பார்த்து மகிழ்ந்த குடும்பங்கள் நம்மிடையே பல. அதை நெறிப்படுத்திய வில்லியம் வைலர் 1920இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது தாயாரின் உறவினர் ஒருவருடைய தயவினாலாகும். அவர்தான் யூனிவர்சல் படக் கம்பனியின் தலைவர் கார்ல் லெம்லி. ஊரிலுள்ள சொந்தபந்தங்களையெல்லாம் சம்பளப் பட்டியலிற் சேர்த்துவிடுகிறார் என்று ஹொலிவூட்டில் அவரைக் கேலி செய்வார்கள். கேலியில் உண்மையும் இருந்தது.

லெம்லி 1867 ஜனவரி 17ஆந் திகதி தென் ஜேர்மனியிலுள்ள லவுப்ஹைம் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். கத்தோலிக்கரும் யூதரும் அயலவராய் வாழ்ந்த ஊர் அது. தாயார் காலமானபின், 1884இல், பதினேழு வயதிற் கப்பலேறினார். அமெரிக்காவிற் கிடைத்த சிறு வேலைகள், கணக்கெழுதுதல், துணிக்கடை முகாமை என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடின. நாற்பதை நெருங்கும் வயதில், 1906இல், சேமித்த பணத்தைக் கொண்டு சிக்காகோ நகரில் ஐந்து சதக் கட்டணத்தில் ஒரு படக்கொட்டகையைத் திறந்தார். அடுத்து, பிற கொட்டகைகளுக்குப் படச்சுருள் வாடகைக்கு விடும் தொழிலையும் தொடங்கினார்.

அக்காலத்திலே தோமஸ் எடிசனின் கம்பனியும் வேறு சில பெரிய கம்பனிகளும் கூட்டுச் சேர்ந்து, கமராவுக்கும் படமெறி கருவிக்குமான காப்புரிமைகளைத் தம் கைக்குள் வைத்திருந்தன. படம் காட்டுவோர் வாரந்தோறும் இரண்டு டொலர் கட்டவேண்டும். 1909இல் லெம்லி அந்தக் கூட்டை உதறிவிட்டுத் தாமே படமெடுக்க முற்பட்டார். அவர்மீது 280க்கும் மேற்பட்ட வழக்குகள் போடப்பட்டன. உயரங் குறைந்த, எப்போதும் புன்முறுவல் பூத்த இந்தத் துணிக்கடைக்காரர் சளைக்கவில்லை. 1915இல் நீதிமன்றம் அந்தக் கூட்டே சட்டவிரோதமென்று தீர்த்தது.

அவர் கையாண்ட வழிகளெல்லாம் மெச்சத்தக்கவை என்று சொல்லிவிட முடியாது. நடிகர்களின் பெயரை வெளியிடாத அந்நாளில், புளோரன்ஸ் லோரன்ஸ் என்னும் நடிகை விபத்தில் இறந்துவிட்டதாக 1910இல் ஒரு வதந்தி கிளம்பிற்று. உடனே லெம்லி, இது பகைவர் கட்டிய பொய், நடிகை நலமே என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தார். வதந்தியைக் கிளப்பியவரே அவர்தான் என்பது பலரின் கருத்து. இன்றைய நட்சத்திர மோகத்துக்கு அன்று இடப்பட்ட வித்துகளில் இதுவும் ஒன்று.

1912இல் வேறு சிலரோடு சேர்ந்து யூனிவர்சலை நிறுவினார். 1915 மார்ச் 15இல் கலிபோர்னியாவில் 230 ஏக்கர் நிலத்திலே படப்பிடிப்புக்கென ஒரு நகரையே திறந்துவைத்தார். இருபத்தைந்து சதம் கொடுத்தால் யாரும் உள்ளே போய்ப் படமெடுப்பதைப் பார்க்கலாம். பேசும்படம் வந்ததும், சத்தம் இடைஞ்சலென்று அந்த வேடிக்கை நின்றுபோயிற்று.

முதலாம் மகாயுத்தத்தின் பின் பசியால் வாடிய லவுப்ஹைமுக்கு உணவும் உடையும் பணமும் அனுப்பினார். ஊரார் அவரைக் கௌரவப் பிரசையாக்கி, ஒரு வீதிக்கு அவர் பெயரையும் இட்டனர்.

1930இல் அவருடைய மகன், ரெமார்க் எழுதிய ‘ஓல் குவாயட் ஒன் த வெஸ்டர்ன் ஃபிரண்ட்’ என்னும் போர் எதிர்ப்பு நாவலைப் படமாக்கினார். படம் ஒஸ்கார் பரிசு பெற்றது. ஆனால் அவ்வாண்டு டிசம்பரில் பெர்லினில் அது திரையிடப்பட்டபோது, கொயபெல்சின் ஆட்கள் கொட்டகைக்குள் நாற்றக் குண்டுகளை வீசி, வெள்ளெலிகளை ஓடவிட்டனர். சில நாட்களில் அரசாங்கமே படத்தைத் தடைசெய்தது. மறு ஆண்டு, ஜேர்மனியர் மனம் நோகும் காட்சிகளை வெட்டிக்கொடுக்க லெம்லி இணங்கிப் படத்தைத் திரும்பக் காட்டச் செய்தார். வியாபாரி வளைந்துகொடுத்த இடம் அது. ஆயினும் வரவிருந்ததை அவர் அறியாமலில்லை. ஹிட்லர் பதவிக்கு வருவதற்கு ஓராண்டு முன்னரே, 1932 ஜனவரியில், பத்திரிகை அதிபர் ஹேர்ஸ்ட்டுக்கு அவரைப் பற்றி எச்சரித்துக் கடிதம் எழுதினார்.

நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் வீதியின் பெயர் மாற்றப்பட்டது. 1936இல் கடன் கொடுத்தவர்களே யூனிவர்சலை வாங்கிக்கொள்ள, லெம்லி வேலையற்ற செல்வந்தரானார். எஞ்சிய காலம் சத்தியக் கடதாசிகளில் கழிந்தது.

அகதியாக அமெரிக்காவுக்கு வருபவர் அரசுக்குப் பாரமாகமாட்டார் என்று அங்குள்ள ஒருவர் தம் சொத்தைக் காட்டிச் சத்தியம் செய்து பொறுப்பேற்க வேண்டும். அந்தக் கடதாசியின்றி விசா இல்லை. லெம்லி முதலில் உறவினருக்கும், பின்னர் லவுப்ஹைம் யூதருக்கும், அதன்பின் முன்பின் அறியாதவர்களுக்குங்கூடக் கையொப்பமிட்டார். எழுபதைத் தாண்டிய கிழவர் இத்தனை பேரை எப்படித் தாங்குவார் என்று ஸ்ருட்கார்ட் நகரிலிருந்த அமெரிக்கக் கொன்சல் அலுவலகம் தயங்கியது. 1938இல் வெளிநாட்டமைச்சர் கோர்டல் ஹல்லுக்கே எழுதி மன்றாடினார். கையொப்பமிடும்படி நண்பர்களையும் நச்சரித்தார். அவ்வாண்டு நவம்பரில் லவுப்ஹைம் யூத தொழுகைக்கூடம் எரிந்து சாம்பலாயிற்று.

300க்கும் மேற்பட்டோர் அவரால் உயிர் தப்பினர். போர் மூண்டு மூன்று வாரங்கள் கழித்து, 1939 செப்டெம்பர் 24இல், லெம்லி காலமானார். லவுப்ஹைமில் எஞ்சியிருந்த யூதர்கள் 1941இலும் 1942இலும் இரயிலேற்றப்பட்டனர். அவ்வூரின் உயர்பள்ளிக்கு இன்று கார்ல் லெம்லியின் பெயர் இடப்பட்டிருக்கிறது.