களம் கண்ட ஆசிரியர்

சையது அப்துல் ரகீம் 1909ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தார். ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே கால்பந்து ஆடினார், பின்னர்ப் பயிற்றுநரானார். 1950ஆம் ஆண்டு முதல் ஐதராபாத் நகரக் காவல் அணியைப் பயிற்றுவித்தார். இந்திய அணியின் பொறுப்பும் அவரிடம் வந்தது.

செகந்திராபாத்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். நாள்தோறும் பயிற்சிக்கு வந்துபோக அவரிடம் பணமில்லை. அவருடைய திறமையை அறிந்த ரகீம், பயணச் செலவுக்கு உதவி அவரை வளர்த்தார்.

ரகீமின் பயிற்சியில் இந்தியா 1951ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது. 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது.

1962ஆம் ஆண்டு அணியுடன் ஜகார்த்தா சென்றபோது ரகீம் புற்றுநோயால் நலிந்திருந்தார். இறுதி ஆட்டத்தில் தென்கொரியா எதிர்நின்றது. பார்வையாளர்களும் இந்தியாவுக்கு எதிராகவே முழங்கினர். தலையில் காயமுற்றிருந்த தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை ரகீம் துணிந்து முன்களத்தில் நிறுத்தினார். அவர் ஒரு கோல் அடித்தார். இந்தியா 2–1 என வென்றது. பலராமும் அவ்வணியில் இருந்தார்.

அடுத்த ஆண்டு சூன் 11ஆம் நாள் ரகீம் மறைந்தார். அதன்பின் ஆசியப் போட்டியில் இந்தியக் கால்பந்து அணி தங்கம் வென்றதில்லை.