கரும்புக்கும் சோளத்துக்கும் முடிச்சுப் போட்ட ஜானகி அம்மாள்

கம்போங் ராஜா கடையில் வாங்கும் இனிப்புச் சோளத்தைக் காயவைத்துச் சட்டியில் போட்டால் பாப்கார்ன் கிடைக்காது. பாப்கார்ன் சோளத்தின் கெட்டித் தோல் நீராவியை உள்ளே அடைத்து வைக்கும். அழுத்தம் தாங்காதபோது வெடிக்கும். இனிப்புச் சோளத்துக்கு அந்தத் தோல் இல்லை. சரி, விளைச்சலைக் கூட்டப் பாப்கார்னை வேறு சோளத்தோடு கலந்தால்? பொரியும் குணம் குறைந்துவிடும். ஒன்று வந்தால் ஒன்று போகும்.

இந்தத் தலைவலி கரும்பிலும் உண்டு. அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஜானகி அம்மாள்.

1897இல் கேரளத்தின் தலச்சேரியில், அன்று தாழ்வாக நடத்தப்பட்ட தீயர் சமூகத்தில் பிறந்தார். சென்னையில் தாவரவியல் படித்தார். திருமணப் பேச்சை ஒதுக்கிவிட்டு, உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று 1931இல் முனைவரானார். அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய துணிச்சல்!

1934இல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். தடித்த கரும்பில் இனிப்பு அதிகம், தாங்கும் சக்தி குறைவு. காட்டில் வளரும் நாணலுக்கு இனிப்பு இல்லை, ஆனால் எதையும் தாங்கும். இரண்டையும் கலந்துதான் அங்கே நல்ல ரகங்கள் பிறந்தன. ஜானகி அம்மாள் இன்னும் தூரம் போனார். 80 குரோமோசோம் கொண்ட கரும்பையும் 20 கொண்ட சோளத்தையும் கலந்து, அந்த முடிவை 1938இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். இரண்டும் புல் குடும்பம் என்றாலும், இப்படி ஒரு கலப்பைப் பலர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

1939இல் மாநாட்டுக்காகப் பிரிட்டன் போனவர், போர் மூண்டதால் அங்கேயே தங்கினார். குண்டுவீச்சுக்கு நடுவிலும் குரோமோசோம்களை எண்ணினார். 1945இல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டார். நேரு அழைத்ததால் 1951இல் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பணியை ஏற்றார்.

நாணல் போன்ற காட்டு உறவுகள் அழிந்தால் நாளை எதைக் கொண்டு பயிரைக் காப்பது? ஆய்வுக்கூடத்தில் பிறந்த இந்தக் கவலை அவரைக் காட்டுக்கே கொண்டுபோனது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணை கட்டி மூழ்கடிக்கும் திட்டம் வந்தபோது, எண்பது வயதை ஒட்டியிருந்த அவர் அதை எதிர்த்தார். அங்குள்ள செடிகளின் குரோமோசோம்களை ஆராயவும் இறங்கினார்.

1984 பிப்ரவரியில் சென்னையை ஒட்டிய மதுரவாயலில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.