கொல்ல நேர்ந்தவரின் அறம்: ஆல்பர்ட் சுவைட்சர் வரலாறு

அல்சாஸ் நாட்டுக் கைசர்ஸ்பெர்க் என்னும் ஊரில் 1875ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ஆல்பர்ட் சுவைட்சர் பிறந்தார். தந்தையார் குன்ஸ்பாக் கிராமத்துக் கிறித்துவப் போதகர். இரவு வழிபாட்டில் மனிதருக்காக மட்டும் வேண்டுவது ஏன் என்னும் ஐயம் இளமையிலேயே அவருள்ளத்தை உறுத்திற்று. தாயார் அகன்றபின், மூச்சுவிடும் உயிர்கள் யாவும் தீங்கின்றி உறங்குமாறு தனியே வேண்டிக்கொள்வார். ஏழெட்டு வயதில் தோழன் ஒருவன் கவண்கொண்டு பறவையடிக்க அழைத்தான். மறுத்தால் நகைப்பானே என்றஞ்சி உடன் சென்றார். குறிவைத்த தருணத்தில் தேவாலய மணி ஒலித்தது. உடனே கவணை வீசியெறிந்து, பறவைகளை விரட்டிக் காத்தார்.

வளர்ந்தபின் தத்துவத்திலும் சமய இயலிலும் பட்டம் பெற்றார். ஆர்கன் இசையிலும் புகழடைந்தார். அவற்றையெல்லாம் விடுத்து மருத்துவம் பயின்று, 1913இல் மனைவியாருடன் ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டு லாம்பரெனேயில் மருத்துவமனை அமைத்தார். 1915 செப்டம்பரில் ஓகோவே ஆற்றில் படகேறிச் செல்கையில், அந்திவேளையில், நீர்யானைக் கூட்டத்தின் நடுவே, உயிரைப் போற்றுதல் என்னும் கொள்கை அவருக்குத் துலங்கிற்று. ஏசுநாதர் போதித்த அன்பை எல்லா உயிர்க்கும் விரித்தால் கிடைப்பது இதுவே என்று அவர் கண்டார்.

ஆயினும் காட்டு வாழ்வு அவரைக் கொல்லவும் வைத்தது. இல்லத்தைச் சுற்றிய புல்லில் பாம்புகள் மலிந்திருந்தன. தூக்கணங்குருவிக் கூடுகளைப் பருந்துகள் சூறையாடின. இவற்றைச் சுடத் துப்பாக்கி வைத்திருந்தார். படையெறும்புகள் இரவில் கோழிக்கூட்டைச் சூழ்ந்தபொழுது லைசால் கலந்த நீரை ஊற்றினார். எறும்புகள் ஆயிரக்கணக்கில் மாண்டன. தூக்க நோய்க் கிருமிகளை மருந்தால் அழிக்கையில், ஓருயிரைக் காக்க மற்றோருயிரைப் பலியிடுவதை எண்ணிப் பார்த்தார். பிறர் பிடித்த மீனுண்ணும் பருந்துக் குஞ்சொன்றை விலைகொடுத்து மீட்டார். அதனை வளர்க்க நாள்தோறும் சிறுமீன்களைக் கொல்ல வேண்டியதாயிற்று.

தொல்லை தரும் பிராணியைக் கொல்லுதல் குற்றமே அன்று எனக் கிறித்துவருள் பலர் கருதினர். பிராணிகளை ஆளும் உரிமையை ஆண்டவன் மனிதனுக்கு அளித்தான் என்னும் பழைய ஏற்பாட்டுச் செய்தியை அதற்கு ஆதாரமாகக் காட்டினர். சுவைட்சர் இவ்வாறுதலை ஏற்கவில்லை. தேவை கொலையைத் தவிர்க்க இயலாததாக்கலாம், நல்லதாக்காது என்றார். இன்றியமையாததா என்று ஒவ்வொருமுறையும் ஆராய்க, அன்றேல் கைவிடுக, கொன்றால் அப்பொறுப்பைத் தானே சுமக்க. இதுவே அவர் நெறி. ஆதலின் தூண் நடுமுன் குழியில் தேரையோ எறும்போ வீழ்ந்துள்ளதா என நோக்கி வெளியேற்றுவார். விளக்கில் விட்டில்கள் வீழ்ந்து மடிவதைக் காட்டிலும், புழுக்கத்தைப் பொறுத்துச் சன்னலை மூடி வேலை செய்வதே மேலென்றார்.

இந்தியச் சிந்தனை குறித்துத் தனி நூலும் எழுதினார். கொல்லாமை அறத்தை அதில் பெரிதும் மதித்தார். எனினும் கொல்லாது விலகியிருத்தல் போதாது, துன்புறும் உயிர்க்கு முன்வந்து உதவுதலும் வேண்டும் என வாதித்தார். 1952ஆம் ஆண்டுக்குரிய நோபல் அமைதிப் பரிசு பெற்ற அப்பெரியார், 1965 செப்டம்பர் 4ஆம் நாள் லாம்பரெனேயிலேயே மறைந்தார்.

கொல்லாமையைச் சீலமாக ஏற்ற நமக்கும் எலியும் பாம்பும் கொசுவும் உள்ள இல்லங்களே வாய்த்துள்ளன. நெல்லை மூடிவைத்தால் எலிப்பொறி வேண்டுமா? தேங்கிய நீரை அகற்றினால் எத்தனை கொசுக்களைக் கொல்லாது விடலாம்? கை ஓங்குமுன் இவ்வாறு வினவுதலை வேற்றுச் சமயத்துப் பெரியார் ஒருவரிடமிருந்து நாம் கற்பதில் இழுக்கில்லை.